முன்சக்கர பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றலாமா?

தேய்ந்துபோன முன்சக்கர பிரேக் பேடுகளை மெக்கானிக்கிடம் போகாமல் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் முறை நான் அப்படித்தான் எண்ணினேன். எட்டே மாதத்தில் இடப்பக்கச் சக்கரத்தில் மறுபடி கீச்சொலி கேட்டது. பிரித்துப் பார்த்தால், வெளிப்பேடு பாதிக்கு மேல் மிச்சமிருக்க, உட்பேடு ஏறத்தாழ இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது.

பெரும்பாலான சிறிய கார்களில், பேடைத் தள்ளும் பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே இருக்கிறது. அது உட்பேடை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது அழுத்தும்போது, பேடுகளைக் கவ்வியிருக்கும் காலிப்பர் இரண்டு பின்களின் மீது வழுக்கி நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்துச் சேர்க்க வேண்டும். என் வண்டியில் அந்தப் பின்கள் துருவேறி இறுகியிருந்தன. ஆகவே ஒவ்வொரு முறையும் அவற்றை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறைகள் ஊதிப்போகும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திக்கொண்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு தூக்குங்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வேலை செய்யாமல், வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு வையுங்கள். காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டி நிறுத்துங்கள், அதன் எடை ரப்பர் ஹோஸில் விழக்கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும் என்பதால், மூடியைத் திறந்து கவனித்தபடி மெல்லத் தள்ளுங்கள். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். என் வண்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் பார்த்துவிடுங்கள். ஒரு சக்கரத்தின் பேடுகள் மட்டும் தேய்ந்திருந்தாலும் இடம், வலம் இரு முன்சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பின்சக்கரத்தில் மின்சாரக் கைபிரேக் உள்ள வண்டியென்றால் அந்தப் பக்கத்தைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் அடிவரை அமுங்கும், பிரேக் பிடிக்காது.