நல்ல உடல்நலத்துடன் இருப்பவருக்கு உணவுக்குழாயில் பாக்டீரியா தொற்று வருமா?

வரலாம், ஆனால் மிக அரிது. விழுங்கும்போது நெஞ்சு வலித்தால் பலரும் முதலில் தொற்றையே சந்தேகிக்கிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

முகப்பருவுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் கேப்ஸ்யூலை ஓரிரவு, சொம்பின் அடியில் மிஞ்சியிருந்த ஒரு வாய்த் தண்ணீருடன் விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட்டேன். விடிந்தபோது நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரே எரிச்சல். எச்சிலை விழுங்கினாலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் சுருக்கென்று குத்தியது. குழைய வடித்த ரசஞ்சோறுகூட இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கிருமித் தொற்றுதான் என்று நம்பி, ஆன்டிபயாடிக் நல்லதுதானே என்று அதே கேப்ஸ்யூலை மறுநாளும் போட்டுக்கொண்டேன். எண்டோஸ்கோப்பி செய்தபோது, பெருந்தமனி வளைவு அழுத்துவதால் உணவுக்குழாய் இயல்பாகவே சற்றுக் குறுகியிருக்கும் இடத்தில் ஒரு புண் தெரிந்தது; அதைச் சுற்றியிருந்த சவ்வில் எந்தக் குறையும் இல்லை, திசுப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. டாக்ஸிசைக்ளின் கரையும்போது அமிலத்தன்மை மிகுந்த கரைசலாகிறது. இரைப்பைக்குப் போக வேண்டிய அது வழியிலேயே ஒட்டிக்கொண்டு சவ்வை அரித்திருக்கிறது. மருத்துவர் அந்த மருந்தை நிறுத்தியபின் பத்து நாளில் புண் ஆறியது.

உணவுக்குழாயின் உட்சவ்வு பல அடுக்குச் செல்களால் ஆனது. உமிழ்நீரும் குழாயின் அலையசைவும் அதை ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பதால் பாக்டீரியா அங்கே காலூன்றுவது கடினம். இரத்தப் புற்றுநோய் அல்லது கீமோதெரபியால் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்களிடம்தான் அத்தொற்று பெரும்பாலும் காணப்படுகிறது. நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது. நெஞ்சுக்கூட்டு நிணநீர்க் கணுக்களிலிருந்து அது எப்போதாவது உணவுக்குழாய்க்குப் பரவுவதுண்டு. ஹெர்பீஸ் வைரஸ் ஆரோக்கியமான இளைஞர்களையும் சில வேளை தாக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவோருக்குக் கேண்டிடா பூஞ்சை வரலாம்; இழுத்த பின் வாய் கொப்பளிக்கச் சொல்வது அதனால்தான்.

முழு ஆரோக்கியமுள்ளவரிடமும் பாக்டீரியா உள்ளே நுழைய வழிசெய்வது, நான் அஞ்சும் ஒன்று, மீன்முள். அது குழாயைத் துளைத்துவிட்டால் சீழ் பிடித்து நெஞ்சுக்குள் பரவும். முள் சிக்கிய உணர்வோடு காய்ச்சலோ, கழுத்து வீக்கமோ, கடும் நெஞ்சு வலியோ இருந்தால், சோற்று உருண்டையை விழுங்கிப் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இவை எதுவும் இல்லாமல் விழுங்கும் வலி மட்டும் இருந்தால், கடந்த ஒரு வாரத்தில் சாப்பிட்ட மாத்திரைகளை எல்லாம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வலிநிவாரணி, இரும்புச்சத்து, பொட்டாசியம், எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் ஆகியவையும் இதே புண்ணை உண்டாக்கும். நான் இப்போது எந்த மாத்திரையையும் ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்த பிறகே படுக்கிறேன்.