மரத்த விரலும் தனி டம்ளரும்

கேள்வி: எனக்கு 54 வயது. தோவாளை பக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய் கீமோ ஊசி போட்டு வருகிறேன். முதல் நான்கு ஊசியில் முடி போனது, ஓயாத வாந்தி. இப்போது மருந்தை மாற்றியிருக்கிறார்கள். வாந்தி குறைந்துவிட்டது, ஆனால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. 30 வருடம் பூ கட்டிய கை, இன்று நாரில் முடிச்சு விழ மாட்டேன் என்கிறது. கூட இருந்து பூ கட்டியவர்கள் முதல் மாதம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்தார்கள். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டிலும் எனக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். ராத்திரி தூக்கம் இல்லை. இதையெல்லாம் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, டாக்டரிடம் வாயே திறக்கவில்லை.

பதில்: அம்மா, நீங்கள் கடைசியாக எழுதியதுதான் எனக்குப் பெரிய கவலை. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாந்தி பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். விரல் மரத்துப்போவது அப்படியில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது மருந்து பக்லிடாக்சல் வகையாக இருக்கலாம். அது நரம்பு நுனிகளைப் பாதிக்கும். ஊசிகள் முடிந்த பிறகு பலருக்கு மாதக்கணக்கில் மெதுவாகச் சரியாகும். ஆனால் சொல்லாமலே ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டு போனால், சிலருக்கு மரப்பு அப்படியே தங்கிவிடும். சொன்னால் சிகிச்சையே நின்றுபோகும் என்று பயப்பட வேண்டாம். அளவைக் குறைக்கலாம், ஊசியை ஒரு வாரம் தள்ளலாம், வேறு மருந்துக்கு மாறலாம். அந்த முடிவை எடுக்க உங்கள் டாக்டருக்கு நீங்கள் சொல்கிற விவரம் வேண்டும். "கை மரக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. முடிச்சு விழவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்று சொல்லுங்கள். அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் போனிலாவது இப்போதே தெரிவியுங்கள். மெடிக்கலில் சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கஞ்சிப் பானையை வெறும் கையால் இறக்காதீர்கள், சுடுவது தெரியாது. காலும் மரக்கிறதென்றால் முற்றத்தில்கூடச் செருப்புப் போடுங்கள்.

தூக்கத்துக்கு ஒரு காரணம் ஊசிக்கு முன் கொடுக்கிற ஸ்டீராய்டாக இருக்கலாம். அது இரண்டு மூன்று ராத்திரியைக் கெடுக்கும். அதற்கப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் மனசையும் பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

காய்ச்சல் மட்டும் தனி விஷயம். ஊசி போட்டு ஏழு முதல் பதினான்கு நாளில், கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கியிருக்கும். அப்போது 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. திருவனந்தபுரம்தான் போக வேண்டும் என்றில்லை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. கீமோ ஃபைலை எடுத்துக்கொண்டு ராத்திரியானாலும் போங்கள். அந்த நாட்களில் பழங்கஞ்சி வேண்டாம், அப்போது வடித்த சுடுகஞ்சியும் சிறுபயறும் போதும்.

இனி அந்த டம்ளர். புற்றுநோய் ஒட்டாது. எச்சிலில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. ஊசி போட்ட முதல் இரண்டு நாள் மட்டும் மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தியைத் துடைப்பவர் கையுறை போடட்டும். சோப்புப் போட்டுக் கழுவிய டம்ளரில் யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். இந்தப் பத்தியை உங்கள் வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நோயைவிட அந்த டம்ளர் உங்களை வாட்டுகிறது என்பது எனக்குப் புரிகிறது, எழுதும்போது எனக்கும் மனசு கனக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல், அழுகையாக வந்துகொண்டிருந்தால் அதுவும் மருந்து கேட்கிற நோய்தான், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல் தமிழில் பேசலாம். உயிரே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணுக்கு அழையுங்கள்.

கூடப் பூ கட்டியவர்கள் வராததற்கு என்ன பேசுவதென்று தெரியாத தயக்கம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒருத்தியைக் கூப்பிட்டு, "அடுத்த ஊசிக்குத் திருவனந்தபுரம் கூட வா" என்று ஒரு வேலை கொடுங்கள். வேலை இருந்தால் வருவார்கள். மூன்றாவது வாரம், அணுக்கள் ஏறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாஸ்க் போட்டுப் போய் அவர்கள் நடுவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முடிச்சுப் போட வேண்டாம், வாசம் குமட்டவில்லை என்றால் பிச்சியைப் பிரித்து எடுத்துக் கொடுங்கள். ரோஜாவை மட்டும் தொடாதீர்கள். முள் குத்தினால் மரத்த விரலுக்குத் தெரியாது, ஆபரேஷனில் அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் புண்ணானால் வீங்கிவிடலாம்.