இறங்குகிறது, திறக்கவில்லை

கேள்வி: பிஎச்பி ஸ்கிரிப்ட் வழியாக ஜிப் ஃபைலை டவுன்லோடு செய்யக் கொடுக்கிறோம். இறங்கிய ஃபைல் திறக்க மறுக்கிறது. சர்வரில் இருப்பதோ நன்றாகத் திறக்கிறது. ஏன்?

பதில்: ஃபைலுக்கு முன்னால் வேறேதோ வெளியே போகிறது. இன்க்ளூட் செய்த ஃபைலில் பிஎச்பி மூடும் குறிக்குப் (?>) பின் கிடக்கும் வெற்று வரிகளாக இருக்கலாம். யுடிஎஃப்-8 பிஓஎம் எனும், ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 3 பைட் குறியாகவும் இருக்கலாம். அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைப்பது) இருந்தால் எச்சரிக்கைகூட வராது. எத்தனை பைட் வரும் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடர் ஜிப்பின் அளவை மட்டுமே சொல்வதால், முன்னால் 3 பைட் நுழைந்தால் கடைசி 3 பைட் வெட்டுப்படும். ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் இருப்பதே கடைசியில்தான்!

இறங்கியதை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள். 50 4பி என்று தொடங்க வேண்டும்; ஈஎஃப் பிபி பிஎஃப் தெரிந்தால் பிஓஎம்தான். பிஓஎம் உள்ள பிஎச்பி ஃபைலைக் கண்டுபிடித்து, பிஓஎம் இல்லாமல் சேமியுங்கள். மூடும் குறியே வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஃபைலை அனுப்பும் ரீட்ஃபைல் முடிந்ததும், ஸ்கிரிப்டை நிறுத்தும் எக்ஸிட் அவசியம்.