லிஃப்ட் கணக்கில் எப்போது கூட்டல், எப்போது கழித்தல்?

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "லிஃப்டில் நிற்பவரைத் தரை எவ்வளவு விசையால் தாங்குகிறது என்று கேட்கும் லிஃப்ட் கணக்கு வந்தாலே குழப்பமாக இருக்கிறது. மேலே போனால் கூட்டு, கீழே வந்தால் கழி என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், பாதி சரியாக வருகிறது, பாதி தப்பாகிறது. அப்புறம், செயலும் எதிர்ச்செயலும் சமம் என்றால் என் எடையும் தரை தரும் விசையும் எப்போதும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியென்றால் எடை கூடுவதாக எப்படித் தெரியும்?"

தம்பி, அந்த மனப்பாட வரியை முதலில் மறந்துவிடுங்கள், தப்பு வருவதே அதனால்தான். லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கும் கூட்டல் கழித்தலுக்கும் சம்பந்தமே இல்லை. அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எந்தப் பக்கம் என்பதை மட்டும் பாருங்கள். ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கும் லிஃப்ட் தரைத்தளம் நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கிறது இல்லையா, அப்போது அது கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் முடுக்கம் மேல்நோக்கி. அங்கே கூட்டல்தான் வரும். உங்கள் வரிப்படி கழித்திருப்பீர்கள், மதிப்பெண் போயிருக்கும். அதேபோல் மேலே போகும் லிஃப்ட் ஒரே சீரான வேகத்தில் போனால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, நின்றுகொண்டிருக்கும் லிஃப்டுக்கும் அதற்கும் கணக்கில் எந்த வித்தியாசமும் கிடையாது.

இது நம்புவதற்குக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் ஒரு விசை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நம் அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது, ஏனென்றால் சைக்கிள் மிதிப்பதை விட்டால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது, கேரம் காய் போர்டின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் அவற்றை நிறுத்துவது உராய்வு. காற்றின் தடையும் உராய்வும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலமே சாட்சி. முன்னே தள்ள எந்த எஞ்சினும் இல்லாமலே விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. நியூட்டன் 1687-ல் தன் நூலில் வைத்த முதல் விதி சொல்வது இதைத்தான்: நிகர விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு சேர்த்தபின் மிஞ்சும் விசை, இல்லையென்றால் திசைவேகம் மாறாது. விசையை வேகத்தோடு சேர்த்து நினைக்காமல், வேகம் மாறுவதோடு சேர்த்து நினைக்கப் பழகிவிட்டால் இந்தப் பாடத்தில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

சரி, கணக்கை எப்படிப் போடுவது? ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். இங்கே அது லிஃப்டில் நிற்கும் ஆள், லிஃப்ட் அல்ல. அவரை மட்டும் ஒரு புள்ளியாக வரைந்து, அவர் மேல் செயல்படும் விசைகளுக்கு மட்டும் அம்புக்குறி போடுங்கள். உங்கள் பாடப்புத்தகத்தில் தனித்த பொருளின் விசைப்படம் என்று இருப்பது இதுதான், நிறையப் பேர் மதிப்பெண்ணுக்காக வரைந்துவிட்டு அதைப் பார்க்காமலே கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் "யார் தருவது?" என்று எழுதுங்கள். கீழ்நோக்கி ஒன்று, பூமி தருவது. மேல்நோக்கி ஒன்று, லிஃப்டின் தரை தருவது. அவ்வளவுதான், மூன்றாவது அம்பு இல்லை. லிஃப்டின் கம்பி லிஃப்டைத்தான் இழுக்கிறது, ஆளை அல்ல, அதனால் அது இந்தப் படத்தில் வராது. யார் தருவது என்று பெயர் சொல்ல முடியாத அம்பு உங்கள் படத்தில் இருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆளின் நிறை 60 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². பூமி இழுப்பது 588 நியூட்டன், லிஃப்ட் என்ன செய்தாலும் இது மாறாது. லிஃப்டின் முடுக்கம் மேல்நோக்கி 1.2 மீ/வி² என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி மேல்நோக்கிய நிகர விசை நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது, அதாவது 72 நியூட்டன். தரை தரும் விசையிலிருந்து 588-ஐக் கழித்தால் 72 வர வேண்டும், எனவே தரை தருவது 660. லிஃப்டில் ஓர் எடை இயந்திரத்தை வைத்து அதன் மேல் நின்றிருந்தால் அது 660-ஐ 9.8-ஆல் வகுத்து 67.3 கிலோ என்று காட்டும். முடுக்கம் கீழ்நோக்கி அதே 1.2 என்றால் தரை தருவது 516, இயந்திரம் காட்டுவது சுமார் 52.7 கிலோ. கூட்டலா கழித்தலா என்று நீங்கள் முடிவு செய்யவே வேண்டியதில்லை, முடுக்கத்தின் திசையைச் சரியாகக் குறித்தால் அது தானாக வந்து விழும்.

உங்கள் இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி, பதிலும் இந்த எண்களிலேயே இருக்கிறது. 588-ம் 660-ம் சமமில்லை, பார்த்தீர்களா? அப்படியென்றால் எடையும் தரையின் விசையும் செயல் எதிர்ச்செயல் ஜோடியாக இருக்கவே முடியாது. மேசை மேல் இருக்கும் புத்தகத்தைக் காட்டி இந்த இரண்டையும் ஜோடி என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அது தவறு. அங்கே அவை சமமாக இருப்பது புத்தகத்துக்கு முடுக்கம் இல்லாததால், அதாவது இரண்டாம் விதியால். செயலும் எதிர்ச்செயலும் சமம் என்னும் மூன்றாம் விதியின் ஜோடி எப்போதும் இரண்டு வேறு வேறு பொருள்கள் மேல் இருக்கும்: பூமி உங்களை 588 நியூட்டனால் கீழே இழுத்தால், நீங்கள் பூமியை அதே 588-ஆல் மேலே இழுக்கிறீர்கள். தரை உங்கள் காலை 660-ஆல் மேலே தள்ளினால், உங்கள் கால் தரையை 660-ஆல் கீழே அழுத்துகிறது, எடை இயந்திரம் அளப்பது இந்த அழுத்தும் விசையைத்தான். ஜோடியில் ஒன்றுதான் உங்கள் படத்தில் வரும், மற்றது வேறொரு பொருளின் படத்துக்குச் சொந்தம், அதனால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை.

போலி விசை என்று ஒன்று படித்திருப்பீர்கள், லிஃப்டின் முடுக்கத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதாக வைத்துக்கொள்ளும் கற்பனை விசை அது. லிஃப்டுக்குள்ளே இருப்பவரின் பார்வையில் கணக்குப் போட அது உதவும், ஆனால் லிஃப்டுக்கு வெளியே தரையில் நிற்பவரின் பார்வை கைக்கு வரும்வரை அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிறைய மாணவர்கள் அதைப் படத்தில் ஓர் அம்பாகவும் போட்டு, நிறை பெருக்கல் முடுக்கம் என்று சமன்பாட்டின் மறுபக்கமும் எழுதிவிடுகிறார்கள். ஒரே விஷயம் இரண்டு முறை கணக்கில் வந்துவிடுகிறது. ஒரு கணக்குக்கு ஒரு பார்வைதான்.

கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்றும் தேர்வில் கேட்பார்கள். முடுக்கம் கீழ்நோக்கி 9.8, தரை தரும் விசை பூஜ்யம், ஆனால் எடை அதே 588. சர்வதேச விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்கள் கதையும் இதுதான், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது, நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தாங்குவதற்குத் தரை இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், முள் நகரும் பழைய வகை எடை இயந்திரம் கிடைத்தால் லிஃப்டில் வைத்து ஏறி நில்லுங்கள். டிஜிட்டல் இயந்திரங்களில் பெரும்பாலானவை ஓர் எண்ணைக் காட்டி அதிலேயே நின்றுவிடும், உதவாது. அதைவிட எளிது உங்கள் வீட்டு ஸ்மார்ட்போன். ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கி, ஈர்ப்பையும் சேர்த்துக் காட்டும் முடுக்க அளவீட்டைத் திறந்து, போனை லிஃப்ட் தரையில் திரை மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். சும்மா இருக்கும்போது செங்குத்து அச்சில் சுமார் 9.8 காட்டும். போன் உணர்வது தரை தன்னைத் தாங்கும் விசையைத்தான், அதாவது உங்கள் படத்தில் இருக்கும் மேல்நோக்கிய அம்பை. ஏறும் முன்பே, மேலே போகும் பயணத்திலும் கீழே வரும் பயணத்திலும் கோடு எங்கே 9.8-க்கு மேல் எழும்பும், எங்கே சமமாக ஓடும், எங்கே கீழே இறங்கும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், வந்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.