உறுதிமொழி சொல்லாத பையன்

கேள்வி: என் அக்கா மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பக்கத்தில் உட்காரும் பையனைச் சில பேர் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள், அவன் தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகன் டீச்சரிடம் சொன்னதற்கு "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து காலைக் கூட்டத்தில் எல்லோரும் "இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்" என்று உறுதிமொழி சொல்லும்போது இவன் வாயே திறப்பதில்லை. நேராகத்தான் நிற்கிறான், தேசிய கீதம் பாடுகிறான், இதை மட்டும் சொல்வதில்லை. பி.டி. சார் கவனித்துவிட்டார். இப்போது தேசத்துரோகம், டி.சி. என்றெல்லாம் மிரட்டுகிறார்கள். அக்கா அழுகிறாள். எப்படியாவது அவனைச் சொல்ல வைக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முதலில் அக்காவின் அழுகையை நிறுத்துங்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மிரட்டி மன உளைச்சல் கொடுப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது.

அடுத்து அந்தத் தேசத்துரோகப் பேச்சு. 1985 ஜூலையில் கேரளாவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தேசிய கீதம் பாடும்போது பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள், அவர்கள் நம்பிக்கை அப்படி. பல வருஷமாக அப்படித்தான் நின்றார்கள், யாருக்கும் அது தொந்தரவாக இல்லை. ஒரு எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கிளப்பிய பிறகுதான் அது பிரச்சினை ஆனது. பிள்ளைகள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று விசாரணைக் குழு சொல்லியும் நீக்கிவிட்டார்கள், உயர் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் அந்த நீக்கத்தை ரத்து செய்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதற்குப் பெயர். எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 1971-இல் வந்த தேசிய கௌரவச் சட்டம்கூட, பாடுவதைத் தடுப்பவரையும் கூட்டத்தில் கலாட்டா செய்பவரையும்தான் தண்டிக்கிறது.

அது மத நம்பிக்கை, இவனுடையது வேறு என்று தலைமையாசிரியர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தீர்ப்பு மத சுதந்திரத்தை மட்டும் வைத்து எழுதப்பட்டதில்லை, அரசியலமைப்பின் 19-வது பிரிவில் உள்ள பேச்சு சுதந்திரத்தையும் சேர்த்தே எழுதப்பட்டது. தவிர அங்கே பேச்சு தேசிய கீதத்தைப் பற்றி. உங்கள் பையன் சொல்லாமல் விட்டது உறுதிமொழி, அந்த 1971 சட்டத்தில் அது வரவே இல்லை.

சட்டம் கிடக்கட்டும், எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. அந்த உறுதிமொழியை 1962-இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ், விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்தவர். நாம் எல்லோரும் அதைத் தினமும் அர்த்தம் யோசிக்காமல் ஒப்பித்தோம். இந்தப் பையன் யோசித்திருக்கிறான். பக்கத்தில் இருக்கிறவனை உடன்பிறந்தவனாக நடத்தாத இடத்தில் அந்த வரியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும் என்று புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதை நம்பிய ஒரே பையனைக் கூப்பிட்டு மிரட்டுகிறோம் என்றால் அந்தப் பள்ளியில் விசாரிக்க வேண்டியது யாரை? உங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டி வருவதைத் தடை செய்யச் சொன்னது. பாட்டிலைத் தொடமாட்டேன் என்பதும் அதே வகைதான், விளையாட்டு இல்லை.

அதனால் அவனைச் சொல்ல வைக்காதீர்கள். அக்காவும் நீங்களும் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பையன் ஏன் பேசாமல் நிற்கிறான் என்பதையும் டீச்சரிடம் எப்போது என்ன சொன்னான் என்பதையும் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புதல் கேளுங்கள். அசையவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண் இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்த இன்னொரு பையனிடமும் அவன் வீட்டிலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தன் பெயர் ஊர்ப்பேச்சாவதை அவன் விரும்பாமல் இருக்கலாம், அடிபடப் போவதும் அவன்தான்.

கேள்வி: ஆளாளுக்கு இப்படி ஆரம்பித்தால் பள்ளியில் ஒழுங்கு என்னாகும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, இதே பயம் அமெரிக்காவிலும் இருந்தது. பள்ளியில் கொடி வணக்கத்தைக் கட்டாயப்படுத்தலாம் என்று 1940-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து யெகோவாவின் சாட்சிகளை ஊர் ஊராகத் தாக்கினார்கள். மூன்றே வருஷத்தில், அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-இல், பார்னெட் வழக்கில் 6-க்கு 3 என்று அதே நீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது. பள்ளிகளில் ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடவில்லை. நம் நீதிபதிகளும் 1986-இல் அந்த வழக்கை எடுத்துப் பேசினார்கள். கத்தாமல், யாரையும் தடுக்காமல், வரிசையில் நேராக நிற்கிற பிள்ளையால் எந்த ஒழுங்கும் கெடுவதில்லை. அவனுக்குப் பிரம்பைக் காட்டினால் மற்ற பிள்ளைகள் தேசப்பற்றையா கற்றுக்கொள்வார்கள், பயத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். இவ்வளவு வருஷம் வகுப்பறையில் இருந்த உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.