அபுதாபி ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்கு 3 வயது, 6 வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? சத்தம் போட்டால் ஏதாவது சொல்வார்களா?

தாராளமாகக் கூட்டிப் போங்கள். உங்களுக்கு இருக்கும் அதே பயம் எனக்கும் இருந்தது. நாங்கள் முதலில் போனபோது என் மகனுக்கு 6, மகளுக்கு 3. ஊர் கீழக்கரை, இப்போது அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் இருக்கிறோம்.

அந்த முதல் பயணம் சரியாக அமையவில்லை. ஆகஸ்ட் மாதம், பகல் 11 மணிக்குப் போனோம். வருகிறவர்கள் நுழையும் இடத்திலிருந்து பள்ளிவாசல் வரை நடை அதிகம். சின்னவள் பாதி வழியிலேயே அழ ஆரம்பித்தாள், 20 நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அதன் பிறகு நவம்பர் முதல் மார்ச் வரைதான் போகிறோம், அதுவும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு. அனுமதி இலவசம், இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். நீங்கள் பெண் என்றால் தலைத்துணி, முழுக்கை, கணுக்கால் வரை உடுப்பு வேண்டும். சாப்பாடு, கழிப்பறை எல்லாவற்றையும் நுழையும் இடத்தில் உள்ள சூக் அல் ஜாமி கடைத்தெருவிலேயே முடித்துவிடுங்கள், உள்ளே எதையும் தின்னக் கொடுக்க முடியாது. பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய சீட்டு கட்டாயம் இருக்கட்டும். வெள்ளைத் தூண்கள் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், பெரியவர்களுக்கே வழி குழம்பும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பெரிய முற்றம் 17,000 சதுர மீட்டர். தரை முழுக்கச் சலவைக்கல்லில் பூவும் கொடியும் பதித்திருக்கிறார்கள். என் மகள் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு அது எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனாள், அரை மணி நேரம் அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. மகன் குவிமாடங்களை எண்ணினான். மொத்தம் 82 இருக்கின்றன. 31 வரை போய் விட்டுவிட்டான், அடுத்த முறை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

தொழுகைக் கூடத்தில் 96 தூண்கள். அவற்றில் முத்துச்சிப்பி ஓடுகளை வெட்டிப் பதித்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தே வளர்ந்த பையன், "உம்மா, இது நம்மூர்ச் சிப்பியா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் உம்மாவின் வாப்பா சங்கு வியாபாரம் செய்தவர். எங்கள் கடலில் சங்கு குளித்ததையும் முத்துக் குளித்ததையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் இந்த அபுதாபிக் கரையும் முத்துக் குளித்துத்தான் பிழைத்தது. இதை அங்கேயே உட்கார்ந்து அவனுக்குச் சொன்னேன். கதை கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுச் சொல்லுங்கள்.

கம்பளமும் அப்படித்தான். 5,627 சதுர மீட்டர். ஈரானில் சுமார் 1,200 பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. துண்டுகளாகக் கொண்டுவந்து இங்கே வைத்துத் தைத்திருக்கிறார்கள். தொழுகிறவர்கள் வரிசையாக நிற்பதற்காக, தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதபடி லேசாக மேடான கோடுகள் அதிலேயே உண்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒதுக்கிய பாதையிலேயே நடக்க வேண்டும், பிள்ளைகள் கம்பளத்துக்குள் இறங்கி ஓடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே தொங்கும் பெரிய சரவிளக்கை நீங்கள் காட்ட வேண்டியதே இல்லை, அவர்களே பார்த்துவிடுவார்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். காவலர்கள் பிள்ளைகளிடம் மென்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். பெரியவர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதைத்தான் உடனே தடுக்கிறார்கள். அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் சாயித் அடங்கியிருக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறது, அங்கே குர்ஆன் ஓதிக்கொண்டே இருப்பார்கள். அங்கே மட்டும் படம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளையும் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் பெண்கள் பகுதியில் மஃரிப் (அந்தி நேரத் தொழுகை) தொழுதபோது, நான் சஜ்தாவில், அதாவது நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் நிலையில் இருக்கையில், என் மகள் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு இடைஞ்சலாகிவிட்டதே என்று சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் திரும்பினேன். பக்கத்தில் தொழுத அரபுப் பாட்டி ஒருவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முத்தம் கொடுத்தார். பேரப்பிள்ளை முதுகில் ஏறியதற்காக நபிகள் நாயகம் (ஸல்) சஜ்தாவையே நீட்டியதாக ஹதீஸில் (நபிமொழியில்) படித்திருக்கிறேன். குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கியும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டியைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது மனதில் இறங்கியது. நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் இந்தப் பயத்தை விட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது இருட்டட்டும். பள்ளிவாசலின் விளக்கொளி நிலாவின் வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப மாறும்: பௌர்ணமி நாளில் வெள்ளை, அமாவாசை நெருங்க நெருங்க நீலம். நாங்கள் போன அன்று நல்ல நீலம். குளத்து நீரில் தூண்கள் தலைகீழாகத் தெரிந்தன. மகள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மகன் மட்டும், வெள்ளை நாள் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.