பன்றி வைரஸும் வாழை வைரஸும் உறவுடையவை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பன்றிகளைத் தாக்கும் சர்கோவைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 1,760 நியூக்ளியோடைடுகள் (டி.என்.ஏ.வின் 'எழுத்துகள்') கொண்ட ஒரே டி.என்.ஏ. வளையம்; வாழை முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸிலோ, ஒவ்வொன்றும் 1,000-ஐச் சற்றே தாண்டும் ஆறு தனித்தனி வளையங்கள் உள்ளன. அமைப்பில் இவ்வளவு வேறுபட்டாலும், வரிசைகளைப் படித்து ஒப்பிட்டபோது, வளையத்தைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கும் 'ரெப்' என்ற புரதத்தில் ஒரே வகையான அமினோ அமிலத் துண்டுகள் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பது தெரியவந்தது. நியூக்ளியோடைடு வரிசை விரைவில் மாறிவிடுவதால், இத்தகைய தொலைதூர உறவைப் புரத வரிசையில் தேடுவதே சரியான வழி.

1999-இல் கிப்ஸ், வைலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னும் துணிவான கருத்தை முன்வைத்தனர்: சர்கோவைரஸ் ரெப் புரதத்தின் முன்பகுதி தாவர நானோவைரஸையும் (வாழை வைரஸும் இந்தக் குடும்பமே), பின்பகுதி விலங்குகளின் காலிசிவைரஸ் என்னும் ஆர்.என்.ஏ. வைரஸின் புரதத்தையும் ஒத்திருப்பதால், தாவர வைரஸ் ஒன்று முதுகெலும்பிக்குத் தாவி அங்கே மறுசேர்க்கை (வேறொரு வைரஸின் மரபணுத் துண்டோடு இணைதல்) அடைந்திருக்க வேண்டும் என்றனர். மிக அழகான கருதுகோள்தான். ஆனால் பின்னாளில் கடல்நீர், கழிவுநீர், பூச்சிகள் ஆகியவற்றிலிருந்து எண்ணற்ற உறவு வைரஸ்கள் கிடைத்தபின், நேரடித் தாவல் என்று சொல்வது கடினமாகிவிட்டது. வைரஸின் மரபணுத்தொகுதியைப் பொதிந்திருக்கும் உறைப் புரதங்களின் வரிசைகளோ பன்றி வைரஸிலும் வாழை வைரஸிலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே ரெப்பை மட்டும் கொண்டு வரையும் பரிணாம உறவு மரம் அந்த மரபணுவின் வரலாற்றையே சொல்லும், முழு வைரஸின் வரலாற்றை அல்ல.